படத்தை நின்று பார்க்கும் ஒருவர்

(மன்னாரில் இளம் புகைப்படக்காரர்கள் ஒன்றுகூடிய நிகழ்வொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



தலைமன்னார், பேசாலை, எருக்கலம்பிட்டி, தாழ்வுபாடு, வங்காலை என்று பல ஊர்களிலிருந்து வந்திருக்கிறீர்கள். உங்களில் பலர் இன்றைக்குத்தான் ஒருவரையொருவர் நேரில் பார்க்கிறீர்கள் என்று வாசலில் சொன்னார்கள். இதுவரை இணையத்தில் படங்களால் மட்டுமே பழக்கம், ஆளின் முகம் தெரியாது. ஆனால் அவர் எந்த வெளிச்சத்துக்குக் காத்திருப்பார், எந்தக் கரையில் போய் நிற்பார், எதைக் கண்டால் கமராவைத் தூக்குவார் என்பதெல்லாம் தெரியும். இப்படி ஒரு பழக்கம் எங்களுடைய தாத்தா பாட்டிமாருக்கு வாய்க்கவில்லை. அந்தப் பழக்கத்தைப் பற்றித்தான் பேச வந்திருக்கிறேன்.

முதலில் ஒரு பெண்ணைப் பற்றிச் சொல்லவேண்டும். ஜூலியா மார்கரெட் கமரூன். 1815இல் கல்கத்தாவில் பிறந்தவர். புகைப்படக் கலையின் வரலாற்றை யார் எழுதினாலும் அவரைத் தாண்டிப் போக முடியாது. அவர் இறந்தது எங்களுடைய இலங்கையில், 1879 ஜனவரியில், டிக்கோயாப் பக்கத்து மலையில். பொகவந்தலாவையில் தேவாலயத்தோடு ஒட்டிய மயானத்தில் அவருடைய கல்லறை இருக்கிறது. தேயிலைத் தோட்டம் பார்க்கப் போகிற எத்தனையோ பேர் அதைத் தாண்டித்தான் போகிறார்கள்.

1836இல் தென்னாபிரிக்காவின் கேப் பகுதியில் உடம்பு தேறுவதற்காகத் தங்கியிருந்தபோது, வானியலாளர் ஜோன் ஹெர்ஷலை அவர் சந்தித்தார். பிறகு ஹெர்ஷல் இங்கிலாந்துக்குப் போய்விட்டார், இவர் கல்கத்தாவுக்குத் திரும்பிவிட்டார். நடுவிலே கடல். ஆனால் கடிதம் நிற்கவில்லை. 1839இல் புகைப்படம் என்ற புதுமை உலகத்துக்கு அறிவிக்கப்பட்டபோது ஹெர்ஷல் அதைப் பற்றி அவருக்கு எழுதினார். 1842இல் சில படங்களையே அனுப்பிவைத்தார். கமரூன் தன் வாழ்க்கையில் பார்த்த முதல் புகைப்படங்கள் அவைதான். அப்போது அவரிடம் கமரா கிடையாது. வாங்கும் எண்ணமும் கிடையாது. கமரா கைக்கு வந்தது 1863இல், நாற்பத்தெட்டு வயதில், மகளும் மருமகனும் கொடுத்த பரிசாக. வைட் தீவில் இருந்த தன் வீட்டுக் கோழிக்கூட்டை ஸ்டூடியோவாக மாற்றிக்கொண்டு வேலையைத் தொடங்கினார்.

அதன் பிறகு நடந்ததைக் கவனியுங்கள். அந்நாளைய புகைப்படச் சங்கத்துப் பெரியவர்கள் அவருடைய படங்களைப் பார்த்து முகம் சுளித்தார்கள். கூர்மை இல்லை, கண்ணாடித் தகட்டில் கறை, விரல் அடையாளம் என்று அடுக்கினார்கள். அவர்கள் சொன்ன குறைகள் படத்தில் இருந்தன, பொய் சொல்லவில்லை. ஆனால் ஹெர்ஷல் அதே படங்களை எடுத்து வைத்துக்கொண்டு, இன்ன படத்தில் இன்ன முகம் எப்படி உயிரோடு வெளியே வருகிறது என்று எழுதினார். சயனைட் என்ற நஞ்சைக் கமரூன் கையாளும் விதத்தைக் கேள்விப்பட்டு, கவனமாக இருக்கும்படி பதறி எச்சரித்தார். ஹைப்போவின் குணத்தைக் கண்டறிந்த விஞ்ஞானி அவர். புகைப்படத்தை நிலைக்கச் செய்யும் மருந்து அதுதான். தனக்குத் தெரிந்ததை மறைக்காமல் சொல்லிக்கொடுத்தார். கமரூன் தன் மிகச் சிறந்த படங்களைத் தொகுத்து ஓர் அல்பமாக்கி அவருக்கே காணிக்கையாக்கினார். அது இன்றைக்கும் ஹெர்ஷல் அல்பம் என்றே அழைக்கப்படுகிறது.

1871இல் ஹெர்ஷல் காலமானார். 1875இல் கமரூன் குடும்பம் இலங்கைக்கு வந்தது. கணவருக்கு இங்கே கோப்பித் தோட்டம் இருந்தது. அந்தக் கோப்பியையும் நோய் தின்றுகொண்டிருந்த காலம். பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் பல நூறு படங்கள் எடுத்தவர் அவர். இலங்கையில் வாழ்ந்த மூன்று வருடத்துக்கு மேற்பட்ட காலத்தில் எடுத்தவற்றில் முப்பதுகூட மிஞ்சவில்லை. இரசாயனம் கிடைக்கவில்லை, சுத்தமான தண்ணீர் இல்லை, வெப்பம், பணக் கஷ்டம் என்று ஆராய்ச்சியாளர்கள் காரணம் சொல்கிறார்கள். எல்லாம் சரிதான். ஆனால் ஒரு சம்பவம் எனக்கு வேறொன்றைச் சொல்கிறது. தாவர ஓவியர் மரியான் நோர்த் 1876இன் கடைசியில் இலங்கைக்கு வந்தார். களுத்துறையில் இருந்த கமரூன் வீட்டுக்குப் போனார். அவரைக் கண்டதும் கமரூனுக்குப் பழைய வேகம் அப்படியே திரும்பிவிட்டது. சால்வை போர்த்தி, மரத்தடியில் நிற்கவைத்து, இப்படித் திரும்பு, அப்படிப் பார் என்று ஆட்டிவைத்தார். தண்ணீர் அதே தண்ணீர். வெயில் அதே வெயில். படத்தைப் பார்த்து ஒரு வார்த்தை சொல்லத் தெரிந்த ஒருத்தி வாசலில் வந்து நின்றாள், அதுதான் புதிது.

படம் எடுப்பது தனியாள் வேலை. தொடர்ந்து எடுப்பதற்கு இன்னொரு ஆள் வேண்டும். நான் இன்றைக்குச் சொல்ல வந்தது இவ்வளவுதான். மீதியெல்லாம் அதற்கான சாட்சியம்.

எங்கள் நாட்டிலேயே இன்னொரு சாட்சி லயனல் வென்ட். 1900இல் கொழும்பில் பிறந்து 1944இல் மறைந்தார். வழக்கறிஞர், பியானோ கலைஞர், இலங்கை பெற்ற மாபெரும் புகைப்படக்காரர். தன் இருட்டறையையும் தன் அறிவையும் மற்றவர்களுக்குத் திறந்து வைத்தவர். இளைய ஓவியர்களுக்குத் தோள் கொடுத்து, 1943இல் நாற்பத்துமூன்றுக் குழு உருவாகக் காரணமாக இருந்தார். அவர் இறந்த பின்பு நெகட்டிவ்கள் அழிக்கப்பட்டன. கையில் மிஞ்சிய படங்களை நண்பர்கள்தான் தொகுத்து, 1950இல் நூலாக்கினார்கள். அந்த நண்பர்கள் இல்லையென்றால் இன்றைக்கு வென்ட் கொழும்பிலுள்ள ஓர் அரங்கத்தின் பெயராக மட்டுமே இருந்திருப்பார்.

இணையம் வந்தபோது ஹெர்ஷலும் கமரூனும் செய்ததைச் சாதாரண மனிதர் எல்லோரும் செய்யலாம் என்றானது. 2004இல் பிளிக்கர் தொடங்கியது. ஒரு படத்தின் கீழே முன்பின் தெரியாத ஆள் வந்து நிழல் பக்கம் இருண்டுவிட்டது, காலை வெயிலில் முயன்று பாருங்கள் என்று எழுதிவிட்டுப் போவார். 2007இல் தமிழ்நாட்டிலும் வெளிநாடுகளிலும் இருந்த சிலர் சேர்ந்து, தமிழில் புகைப்படக்கலை என்ற பெயரிலேயே ஒரு குழுவை நடத்தத் தொடங்கினார்கள். மாதம் ஒரு தலைப்புக் கொடுப்பார்கள், போட்டி வைப்பார்கள். லென்ஸின் துளை, ஷட்டரின் வேகம், வெளிச்சம் எல்லாவற்றையும் தமிழிலேயே விளக்குவார்கள். ஆங்கிலப் புத்தகத்தைப் பார்த்து மிரண்டுபோன எத்தனையோ பேருக்கு அது வாசலைத் திறந்தது. காசு வாங்காமல், நேரத்தைச் செலவழித்துச் செய்த வேலை. அதைச் செய்தவர்களுக்கு இந்த மேடையிலிருந்து நன்றி சொல்லாமல் மேலே போக எனக்கு மனம் வரவில்லை. 2011 நவம்பரில் தொடங்கித் தமிழ் விக்கிப்பீடியர்கள் நடத்திய ஊடகப் போட்டியும் அப்படியானதுதான். தமிழர் வாழ்வோடு தொடர்புடைய படங்களை, யார் வேண்டுமானாலும் பயன்படுத்தலாம் என்ற உரிமத்தோடு பொதுவுக்குக் கொடுங்கள் என்று கேட்டார்கள். ஆயிரக்கணக்கில் வந்து சேர்ந்தன.

பிறகு வேகம் கூடிவிட்டது. 2009இல் பேஸ்புக் லைக் பொத்தானைக் கொண்டுவந்தது. 2010இல் இன்ஸ்டகிராம் வந்தது. பெருவிரலால் தள்ளிக்கொண்டே போகும்போது ஒரு படத்துக்குக் கிடைக்கிற நேரம் எவ்வளவு என்று உங்களுக்கே தெரியும். சூப்பர் அண்ணை, செம, வடிவா இருக்கு தங்கச்சி. இதயம், நெருப்பு, கைதட்டல். நான் இதைக் கேவலமாக நினைக்கவில்லை. புதிதாகத் தொடங்கும் பிள்ளைக்கு அந்த ஒரு இதயம்கூட அன்றைய இரவைச் சந்தோஷமாக்கும். ஆனால் அதிலேயே நின்றுவிட்டால் ஆறு மாதத்தில் அந்தப் பிள்ளை லைக் விழுகிற படத்தை மட்டும்தான் எடுக்கும். தலைமன்னார்ப் பழைய இறங்குதுறையில் சூரியன் மறைகிற படம் எங்களிடம் எத்தனை இருக்கிறது! எல்லாம் ஒரே இடத்தில், ஒரே நேரத்தில், ஒரே சிவப்பில்.

எனக்குத் தெரிந்த ஒரு தம்பி, தாழ்வுபாட்டுக் கரையில் கரைவலை இழுக்கிற படம் ஒன்றைப் போட்டான். கயிறு, இறுகிய கைகள், மணலில் ஊன்றிய கால்கள், நல்ல படம். புகழ்ச்சி மழைபோல் வந்தது. அதற்குள்ளே ஒரேயொரு பதில், கனடாவில் இருக்கிற ஒரு பெரியவரிடமிருந்து. இளவயதில் இங்கே வலைச் சொந்தக்காரரான சம்மாட்டியாரிடம் வலை இழுத்தவர் அவர். எழுதியது இவ்வளவுதான்: தம்பி, கைகள் எல்லாம் இருக்கு, மடியைக் காணேல்லையே, மடி கரைக்கு வாற நேரம் நீர் போட்டீரோ? கரைவலையில் மீன் சேர்வது மடியில்தானே. அது கரைதட்டும் நேரத்தில்தான் அவ்வளவு பேரும் ஓடி வருவார்கள், பெண்கள் கூடையோடு வருவார்கள், காகமும் நாயும் வரும், முகங்கள் மாறும். அடுத்த முறை அந்தத் தம்பி மடி வரும்வரை நின்றான். அந்தப் படத்தை நீங்கள் எல்லோரும் பார்த்திருக்கிறீர்கள், நான் விவரிக்கத் தேவையில்லை. அந்தப் பெரியவர் கமரா பிடித்தவரே இல்லை. வலையைத் தெரிந்தவர். அவர் அந்தப் படத்தைத் தன் கைகளால் பார்த்தார்.

உற்சாகப்படுத்துவது என்று நான் சொல்வது இதைத்தான். ஒருவர் படத்தின் முன்னால் நிற்பது, அதில் இருப்பதையும் இல்லாததையும் பெயர் சொல்லிச் சொல்வது. குறை சொல்வதும் இதற்குள்ளே வரும், பாராட்டும் வரும். ஆனால் சொல்கிறவர் படத்துக்குள் கொஞ்ச நேரம் இருந்திருக்க வேண்டும்.

மன்னாருக்கு இது ஏன் இவ்வளவு முக்கியம் என்பதையும் சொல்கிறேன். எங்களுடைய கரை நூறு வருடத்துக்கும் மேலாகப் படம் பிடிக்கப்பட்டு வருகிறது. 1900களின் தொடக்கத்தில் மரிச்சுக்கட்டியில் முத்துக்குளிப்பு நடந்தபோது, பல ஆயிரம் பேர் கூடிய ஒரு நகரமே மணலில் எழுந்தது. 1906இல் லியொனார்ட் வூல்ஃப் அங்கே அதிகாரியாகக் கடமை பார்த்தார். கொழும்பு ஸ்டூடியோக்கள் அந்தக் குளியாட்களைப் படமெடுத்து அஞ்சலட்டையாக விற்றன. மூக்கில் கிடுக்கி, காலில் கல், இடுப்பில் கயிறு. அட்டையின் கீழே முத்துக்குளிப்பவர் என்று மட்டும் இருக்கும். அவன் யார், எந்த ஊர், யாருடைய பேரன் என்று கேட்க ஒருவரும் இல்லை. அந்தப் படங்களைப் பார்த்தவர்கள் லண்டனில் இருந்தார்கள். அவனுடைய ஊரில் ஒருவரும் அதைப் பார்க்கவில்லை.

பிறகு நாங்களே எடுத்த படங்கள் வந்தன. கலியாண வீடு, புதுநன்மை, பூப்பு நீராட்டு, பெருநாள், பள்ளிக்கூடப் பரிசளிப்பு. பெரிய கறுப்பு அட்டை அல்பங்களில், ஒவ்வொரு தாளுக்கும் நடுவே சிலந்திவலைக் காகிதம் வைத்து. போரில் அவையும் போயின. பேசாலையிலும் தலைமன்னாரிலும் இருந்து இரவோடு இரவாக வள்ளம் ஏறி இராமேசுவரக் கரைக்குப் போனவர்கள், மண்டபம் அகதி முகாமுக்கு அல்பத்தைக் கொண்டுபோகவில்லை. 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகளால் வடக்கு முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது, எருக்கலம்பிட்டிச் சனங்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த வீடுகளை அப்படியே விட்டுவிட்டுக் கற்பிட்டிப் பக்கம் போனார்கள். நகையே கொண்டுபோக விடவில்லை, படத்தையா நினைத்திருப்பார்கள்? தன் உம்மாவின் இளவயதுப் படம் ஒன்றுகூட இல்லாத மனிதர்கள் இந்த மண்டபத்தில் இருக்கிறார்கள். அவர்களுக்கு முன்னால் நின்றுதான் இதைச் சொல்கிறேன். வேகமாகச் சொல்லிக் கடந்துபோக முடியவில்லை.

ஆகவே உங்களில் ஒருவர் பள்ளிமுனைப் பெருக்கமரத்தை எடுத்துப் போடும்போது, புத்தளத்தில் ஒருவர், திருச்சி முகாமில் ஒருவர், ரொறன்ரோவில் ஒருவர் அதைத் திறக்கிறார்கள். அந்த மரத்தடியில் நாங்கள் ஒளிந்து விளையாடினோம் என்று எழுதுகிறார்கள். பக்கத்துக் கிணறு இருக்கிறதா என்று கேட்கிறார்கள். நீங்கள் அடுத்த நாள் போய்க் கிணற்றை எடுத்துப் போடுகிறீர்கள். அந்தக் கேள்விக்கும் அந்தக் கிணற்றுப் படத்துக்கும் நடுவே உண்டாவதுதான் நட்பு. எடுத்தவர் தமிழர், கேட்டவர் முஸ்லிம். முப்பது வருடமாகப் பேசாத வீட்டுக்காரர்கள் ஒரு கிணற்றின் பேரில் பேசுகிறார்கள். கூட்டங்களும் தீர்மானங்களும் செய்யாததை அது செய்கிறது.

இனிப் பறவைகளுக்கு வருகிறேன். இங்கே பாதிப் பேர் நீள லென்ஸ்காரர்கள் என்று தெரியும்.

வங்காலை 2008இல் சரணாலயமானது. 2010இல் ராம்சார் ஈரநிலப் பட்டியலில் சேர்ந்தது, 4,839 ஹெக்டேர். மழைக்காலத்தோடு ஊசிவால் வாத்தும் கருவால் மூக்கனும் ஆயிரமாயிரமாக இறங்கும், பூநாரை வரும். மத்திய ஆசிய வலசைப் பாதையின் தெற்கு முனை நாங்கள். 2021இல் கொழும்புப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஜிபிஎஸ் கருவி பொருத்திய கடற்காகம், மன்னாரிலிருந்து கிளம்பி ரஷ்யாவின் வடமுனைக் கரைவரை போய்ச் சேர்ந்தது. இப்படிப்பட்ட பறவைகளின் காலில் சிலவேளை வண்ணப் பட்டை இருக்கும், அதில் எழுத்தோ எண்ணோ இருக்கும். எந்த நாட்டில் கட்டியது என்பதை நிறமே சொல்லிவிடும். அதை வாசித்து உரியவருக்கு அறிவித்தால், ஒரு பறவையின் பயணத்தில் ஒரு புள்ளி கூடுகிறது.

இந்த இடத்தில்தான் மங்கலான படத்துக்கு மரியாதை வருகிறது. தூரத்தில், அலையடிக்கிற வெயிலில், சேற்றுக்குள் நிற்கிற ஒரு மூக்கனின் கால். அழகு கிடையாது. போட்டால் நாலு லைக்கும் விழாது. ஆனால் தெரிந்த ஒருவர் அதைப் பெரிதாக்கிப் பார்த்து, பட்டை தெரிகிறது, இதை அனுப்பிவையுங்கள் என்று சொன்னால், எடுத்தவருடைய பார்வையே மாறிவிடும். ஈபேர்டு என்ற தளம் 2002இலிருந்து இப்படித்தான் வளர்ந்தது. பறவையைப் பதிந்தவருக்கு, சரிபார்க்கும் தன்னார்வலர் ஒருவர் எழுதிக் கேட்பார்: அலகு எந்தப் பக்கம் வளைந்திருந்தது, கால் என்ன நிறம்? அவருக்குச் சம்பளம் இல்லை. கேட்கிறாரே என்று கோபிக்கிறவர்கள் உண்டு. கோபிக்காதீர்கள். உங்கள் படத்தை அவ்வளவு கவனமாகப் பார்க்க இன்னொருவர் கிடைப்பது அரிது. இணையம் வருவதற்கு முன்பும் இந்த நாட்டில் இது நடந்தது. 1943இல் தோன்றிய இலங்கைப் பறவைக் கழகத்தில் உறுப்பினர்கள் தாம் கண்டதைக் கடிதமாக எழுதினார்கள். அவை குறிப்புகளாகத் தொகுக்கப்பட்டு எல்லோருக்கும் போயின. 1976இல் தொடங்கிய களப் பறவையியல் குழு, கொழும்புப் பல்கலைக்கழகத்தை மையமாகக் கொண்டு மாணவர்களை ஆற்றங்கரைக்கும் களப்புக்கும் கூட்டிப்போனது. அவர்களில் பெரும்பாலோர் சிங்களவர். வங்காலைப் படம் ஒன்றின் கீழே சிங்களத்தில் வருகிற கேள்விக்கு உங்களில் ஒருவர் உடைந்த சிங்களத்தில் பதில் சொல்வதை நான் வாசித்திருக்கிறேன். மிகவும் பிடித்திருந்தது.

ஒரு விடயத்தில் மட்டும் கடுமையாகப் பேசவேண்டியிருக்கிறது. பூநாரைக் கூட்டம் சிறகு விரித்துக் கிளம்புகிற படம் வேண்டும் என்பதற்காகச் சிலர் ஆழமில்லாத தண்ணீருக்குள் நடந்து விரட்டுகிறார்கள், ட்ரோனை மேலே விடுகிறார்கள். அந்தப் பறவை வெகுதூரம் பறந்து வந்திருக்கிறது. திரும்பிப் போவதற்கான கொழுப்பை இங்கேதான் சேர்க்கிறது. ஒவ்வொரு விரட்டலும் அந்தச் சேமிப்பிலிருந்து எடுப்பதுதான். ஆதாம் பாலத்து மணல் திட்டுகளில் ஆலாக்கள் வெறும் மணலில் முட்டையிடும். மனிதர் காலடி பட்டால் தாய் எழும்பிவிடும். அந்த வெயிலில் முட்டை தாங்காது. இப்படி எடுத்த படத்துக்கு நீங்கள் இதயம் போட்டால், அடுத்த விரட்டலுக்கும் நீங்கள்தான் கூலி கொடுக்கிறீர்கள். எடுத்தவர் உங்கள் நண்பராக இருந்தால் பொதுவில் அவமானப்படுத்தாதீர்கள். தனியாக அழைத்துச் சொல்லுங்கள். கூடு இருக்கும் இடத்தைப் படத்தோடு எழுதிவிட்டால், அதை உடனே நீக்கச் சொல்லுங்கள். கோபித்தால் கோபிக்கட்டும்.

பெண் பிள்ளைகளைப் பற்றியும் சொல்லவேண்டும். கரையில் ஒரு பெடியன் கமராவோடு விடியப்புறம் நின்றால் யாரும் கேட்பதில்லை. ஒரு பிள்ளை நின்றால் நாலு பேர் கேட்பார்கள், வீட்டுக்கும் செய்தி போய்விடும். படத்தைப் போட்டால் படத்தைப் பற்றிப் பேசாமல், எடுத்தவளைப் பற்றி உள்பெட்டியில் பேச வருகிறவர்கள் உண்டு. அதனால்தான் பல தங்கைகள் வீட்டு முற்றத்தையும் அடுப்படியையும் மட்டுமே எடுக்கிறார்கள். சில அடுப்படிப் படங்கள் அபாரம், அதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் வெளியே போகமுடியாததால் முற்றத்தை எடுப்பது வேறு, முற்றத்தைத் தேர்ந்து எடுப்பது வேறு. இரண்டு மூன்று பேராகச் சேர்ந்து கரைக்குப் போங்கள். அண்ணன்மாரே, இணையக் குழுக்களில் மரியாதையைக் காப்பது உங்கள் பொறுப்பு. உள்பெட்டியில் தொல்லை கொடுப்பவன் எவ்வளவு பெரிய படக்காரனாக இருந்தாலும் அவனை வெளியேற்றுங்கள்.

கருத்து வேறுபாடும் வரும். 103.5 மெகாவோட் தம்பபவனி காற்றாலையின் முப்பது கோபுரங்கள் தீவின் தென்கரையில் எழுந்த பிறகு, அவற்றை எப்படி எடுப்பது என்பதிலேயே நீங்கள் இரண்டாகப் பிரிந்தீர்கள். சிலருக்கு அந்த வெள்ளைக் கோபுரங்கள் வடிவாகத் தெரிந்தன. சிலருக்கு அவற்றின் நடுவே பறக்கிற பறவை மட்டும்தான் தெரிந்தது. 2025 ஓகஸ்டில் புதிய காற்றாலைகளுக்கும் கனிய மணல் அகழ்வுக்கும் எதிராக மன்னார்ச் சனங்கள் தெருவில் இறங்கினபோது வாக்குவாதம் இன்னும் சூடாகியது. என் கருத்தை ஒளிக்க மாட்டேன்: இந்தத் தீவு ஒரு மெல்லிய மணல், அதன் மேல் இதற்குமேல் சுமை ஏற்றக்கூடாது. ஆனால் எதிர்க் கருத்துள்ள தம்பி எடுத்த படத்தையும் அதே கவனத்தோடு பார்க்கிறேன். மீனவர் வாடி எங்கே இருந்தது, மழைத்தண்ணீர் எந்தப் பக்கம் ஓடியது என்று பத்து வருடம் கழித்து யாராவது தேடினால், இரண்டு தரப்பாரின் படங்களும் சேர்ந்துதான் பதில் சொல்லும். நாளும் இடமும் எழுதி வையுங்கள். எழுதாத படம் அந்த அஞ்சலட்டை முத்துக்குளியாளின் நிலைக்குப் போய்விடும்.

இப்போது ஒரு வேலை கேட்கிறேன். வீட்டில் தப்பிப் பிழைத்த பழைய படம் ஒன்றாவது இருக்கும். இல்லையென்றால் சித்தி வீட்டில், பெரியம்மா வீட்டில், வெளிநாட்டில் இருக்கிற மாமா வீட்டில் இருக்கும். அதைப் பிரதி எடுத்து உங்கள் குழுவில் போடுங்கள். இது யார், எந்த ஊர், பின்னால் தெரிகிற கட்டடம் எது என்று கேளுங்கள். பதில் சொல்லத் தெரிந்தவர்கள் வயதானவர்கள். அவர்களுக்குத் தொலைபேசியைப் பிடித்துக் காட்டுங்கள், சொல்வதை எழுதிக்கொள்ளுங்கள். விவரத்தோடு சேர்ந்த படங்களை நூலகம் நிறுவனத்துக்குக் கொடுங்கள். 2005இலிருந்து ஈழத்துத் தமிழ் பேசும் சமூகங்களின் ஆவணங்களை எண்ணிம வடிவில் சேர்த்து வருகிறவர்கள் அவர்கள். மரைக்கார் வீட்டுப் படமும் பர்னாந்து வீட்டுப் படமும் பிள்ளையார் கோயிலடிப் படமும் அங்கே பக்கத்தில் பக்கத்தில் இருக்கட்டும். ஸ்கானர் இல்லாதவர்கள் கவலைப்பட வேண்டாம். ஜன்னலோரம் நேர்வெயில் படாத வெளிச்சத்தில், படத்தை மட்டமாக வைத்து, தொலைபேசியை நேர் மேலே பிடித்தால் போதும். எப்படிச் செய்வது என்று முதலில் கற்றுக்கொண்டவர் அடுத்தவருக்குக் காட்டுங்கள். தேநீர் வந்துவிட்டது என்கிறார்கள். அதைக் குடித்துக்கொண்டே, யாருடைய படத்தை யார் முதலில் பார்ப்பது என்று இங்கேயே பேசி முடிவெடுத்துவிடுவோம்.